சாவு இல்லாத வூட்டு ஒப்பாரி

இருதயசாமிக்குக் காது திரும்பக் கிடைச்சு முழுசா பத்து நாள் ஆகல. அதுக்குள்ள அந்தக் காது வழியாவே அவரோட நிம்மதி போச்சு.

முப்பத்தோரு வருஷம் சுரங்கத்துல மண்ணு வெட்டுற பெரிய மிஷின்ல நின்ன மனுஷன். காதுக்கு மாட்டிக்கச் சொல்லிக் குடுத்த மூடியை, வேர்க்குது வேர்க்குதுன்னு கழட்டிக் கழுத்துல தொங்க விட்டுக்கிட்டே திரிஞ்சாரு. மாட்டுய்யா மாட்டுய்யான்னு சூப்பர்வைசருங்க தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. கேட்டாத்தானே. ரிட்டயர் ஆகறப்ப சால்வை, மாலை, கைக்கடிகாரத்தோட செவிடும் சேர்ந்து குவார்ட்டர்ஸுக்கு வந்துச்சு. மிஷின் பக்கத்துல நிக்கறவங்களுக்கு ஒரு வித்தை கைவந்திருக்கும். எதிர்ல இருக்கறவன் வாயைப் பார்த்தே பேச்சைப் புடிச்சிக்குவாங்க, கை ஜாடையிலயே பதில் சொல்லிடுவாங்க. அந்த வித்தையிலதான் இவரும் வீட்டுல காலத்தை ஓட்டுனாரு.

வீட்டுல மூணே பேரு. பொண்ணு ஆனி, பையன் ஜாஸ்பர், இவரு. பொண்டாட்டி லூர்துமேரி போய் நாலு வருஷம் ஆச்சு. அன்னைக்கு அவ ஊர்ப் பொம்பளைங்க லாரி புடிச்சு வந்து, பெட்டியைச் சுத்தி உக்காந்து, மாரடிச்சு ஒப்பாரி வச்சாங்க. இவரு அவங்க வாயைத்தான் பார்த்துக்கிட்டு நின்னாரு. ஒரு சொட்டுச் சத்தம் உள்ள போகல. கட்டுன பொண்டாட்டி சாவுக்கு அழுத அழுகையைக்கூடக் கேக்கக் குடுத்து வைக்கலியேன்னு அந்த ஆத்தாமை அவருக்கு இன்னும் இருக்கு.

காது மிஷின் ஆனி வாங்கிக் குடுத்தது. அவ சென்னையில சவுண்டு என்ஜினியரிங் படிச்சவ. அம்மா போனப்புறம் அப்பாவைப் பார்த்துக்க வந்து, வீட்டுல இருந்தே வேலை செய்யறா. அம்பது வருஷத்துக்கு முந்தி யாரோ சுருள் டேப்புல புடிச்சு வச்ச நாட்டுப்புறப் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல வரும். அதுல இருக்கற இரைச்சல், கரகரப்பு, டேப்பு ஓடற சத்தம் எல்லாத்தையும் எடுத்து, இப்பத்தான் பாடுன மாதிரி ஆக்கி அனுப்பணும். கைகாரி. அவ கழுவி எடுத்த பாட்டைக் கேட்டா, பாடறவங்க எச்சில் முழுங்கறதுகூடக் கேக்கும்.

மிஷினை மாட்டுன முதல் நாளு, லேப்டாப்புலேர்ந்து வயரே இல்லாம ஒரு மாதா பாட்டை நேரா அவர் காதுக்குள்ள அனுப்பிக் காட்டுனா. மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. அதுக்கப்புறம் அந்தச் சங்கதியை ரெண்டு பேருமே மறந்துட்டாங்க. மறந்ததுதான் வினையாப் போச்சு.

ஆனி அப்பாகிட்ட ஒண்ணை மறைச்சிருந்தா. வர்ற பாட்டுங்க தாலாட்டு, நடவுப்பாட்டு, கும்மின்னு சொன்னாளே ஒழிய, அதுல ஒப்பாரியும் இருக்குதுன்னு சொல்லல. எப்படிச் சொல்லுவா? சாவு விழாத வூட்டுல ஒப்பாரிச் சத்தம் கேக்கவே கூடாதுன்னு அந்தப் பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். விளையாட்டுக்கு ஒரு வரி இழுத்தாலும் வாயிலயே போடுவாங்க. வேதக்காரங்க, இந்துன்னு அதுல பேதம் கிடையாது. ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போற இருதயசாமியும் அதுல அப்படித்தான். அதனால ஆனி கதவைச் சாத்திக்கிட்டு, ஹெட்போனை மாட்டிக்கிட்டுத்தான் அந்தப் பாட்டை எல்லாம் ஓட விடுவா. ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராது.

அந்த வாரத்துல வீடு முழுக்க ஜாஸ்பர் பேச்சுதான். ஆறு வருஷமா அதே சுரங்கத்துல கன்வேயர் பெல்ட்டுல கான்ட்ராக்ட் வேலை. பெர்மனன்ட் லிஸ்டுல இந்தத் தடவை அவன் பேரு வந்துடுச்சு. வியாழக்கிழமை மெடிக்கல். பத்து மணியிலேர்ந்து பன்னெண்டுக்குள்ள போய் நிக்கணும், நிக்காதவன் பேரை அடிச்சிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டுக்குவாங்க. ரிட்டயர் ஆனவருக்கு வாடகைக்கு விட்டு வச்சிருந்த குவார்ட்டர்ஸையும் இன்னும் மூணு மாசத்துல காலி பண்ணியாகணும், அவன் பெர்மனன்ட் ஆனாத்தான் அவன் பேருக்கு ஒண்ணு கிடைக்கும். அவன் காலை ஷிப்டுக்கு அஞ்சரைக்கே கிளம்பிடுவான். அப்ப இவரு மிஷின் மாட்டியிருக்க மாட்டாரு. "போய்ட்டு வரேம்பா"ன்னு அவன் வாய் அசையறதைப் பார்த்துத் தலையாட்டுவாரு.

முதல் தடவை கேட்டது வெள்ளிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். கூடத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாரு. ஆனி ரூமை விட்டு எழுந்து, கேஸ் சிலிண்டர் வந்துடுச்சுன்னு வாசலுக்குப் போனா. திடீர்னு ஃபேன் சத்தம் அடங்கிச்சு. தெருச் சத்தம் அடங்கிச்சு. யாரோ மூச்சை இழுத்தாங்க. அவரோட ரெண்டு காதுக்கும் நடுவுல, தலைக்குள்ளயே உக்காந்த மாதிரி ஒரு பொம்பள பாட ஆரம்பிச்சா.

"வடக்க மழை பேஞ்சி வாய்க்காலு நெறஞ்சிருக்க
வயலுக்குப் போன ராசா வரப்பேறி வரலியே..."

கீரை கையிலேர்ந்து நழுவிடுச்சு. எழுந்து பின்வாசலுக்கு ஓடுனாரு. அடுத்த குவார்ட்டர்ஸ் கலியம்மாள் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்கனா சாவான்னு கையாலயே கேட்டாரு. அந்தம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துட்டு, இல்லியேன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. மிஷினைக் கழட்டுனாரு, எல்லாமே செத்துச்சு. செவிடனுக்குக் கழட்டுனா எதுதான் கேக்கும்? திரும்ப மாட்டுனாரு. அவ இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருந்தா. பாட்டு ஒரு வார்த்தையில பாதியில அறுந்து நின்னப்ப, ரூமுக்குள்ளேர்ந்து ஆனி ஹெட்போன் வயர் லூசாயிடுச்சுன்னு அதைத் திட்டிக்கிட்டு இருந்தா. அது இவர் மண்டையில ஏறல.

பிரமைன்னு மனசைத் தேத்திக்கினு இருந்திருப்பாரு. ஆனா மறுநாளே அடுத்த பிளாக்குல மாடசாமி போய்ட்டாரு. இவரோட ஒரே மிஷின்ல பதினேழு வருஷம் நின்ன ஆளு, தூக்கத்துலயே உயிர் பிரிஞ்சிருக்கு. மாலையைப் போட்டுட்டு ஓரமா ஒதுங்கி நின்னாரு. நேத்தே சேதி வந்துச்சே, நமக்குத்தானே வந்துச்சுன்னு அதையே நினைச்சுக்கினு திரும்பி வந்தாரு.

திங்கக்கிழமை ஜாஸ்பருக்கு ரெண்டு மணி ஷிப்டு. சோறு தின்னுட்டு வாசப்படியில உக்காந்து ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். ஆனி மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தா. இருதயசாமிக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம், இன்னைக்குத்தான் மிஷினை மாட்டிக்கினு அவனை வழியனுப்பப் போறாரு. அவன் எழுந்தான், ஹெல்மெட்டை எடுத்தான், இவரைப் பார்த்து வாயைத் திறந்தான். வாய் "போய்ட்டு வரேம்பா"ன்னு அசைஞ்சுது. காதுல கேட்டது அவன் குரல் இல்ல.

"அடுப்புல வச்ச சோறு ஆறி அடங்கலியே
அதுக்குள்ள போன ராசா சொல்லிட்டும் போகலியே..."

பையனோட வாய், பொம்பளையோட அழுகை. போகாதேடான்னு கத்தணும். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அவன் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயே போய்ட்டான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கினு ஒரே நாற்காலியில உக்காந்திருந்தாரு. வந்து சேர்ந்தவனை எதுவும் கேக்காம, தோளைத் தொட்டுப் பார்த்துட்டுப் போய்ப் படுத்தாரு.

யார்கிட்ட சொல்றது? ஆனிகிட்ட சொன்னா பைத்தியம்னு நினைப்பா. ஜாஸ்பர்கிட்ட சொன்னா, வாயால சொன்னதே பலிச்சிடுமோன்னு பயம். பங்குச் சாமியார்கிட்ட சொல்லலாம்னு மாதா கோயில் வாசல் வரைக்கும் போனாரு. ஆண்டவரை நம்பறவனுக்கு இது என்ன பயம்னு அவரு கேப்பாரேன்னு தோணுச்சு. அப்படியே திரும்பிட்டாரு. மாடசாமிக்கு ஒரு தடவை, அடுத்தது என் புள்ளைக்கு. இதுதான் ராத்திரி பகலா மண்டையைக் குடைஞ்சுது.

வியாழக்கிழமை காலையில ஒன்பதரை. ஜாஸ்பர் தேய்ச்ச வெள்ளைச் சட்டை போட்டு, ஃபைலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறான். ஆனி பன்னெண்டு மணிக்குள்ள வேலையை அனுப்பணும்னு விடியறதுக்கு முந்தியே உக்காந்தவ, தம்பிக்குக் காபி போட எழுந்து வந்தா. மூணாவது தடவையா அந்தப் பொம்பள ஆரம்பிச்சா. வயலுக்குப் போன ராசா.

இருதயசாமி யோசிக்கவே இல்ல. நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு அப்படியே தரையில சாஞ்சாரு.

வலிக்குதுன்னாரு. கை மரத்துப் போவுதுன்னாரு. வேர்வை மட்டும் நிஜம், பயத்துல வந்தது. ஜாஸ்பர் ஃபைலைத் தூக்கிச் சோபாவுல போட்டுட்டு அப்பாவைக் கைத்தாங்கலாத் தூக்குனான். ஆட்டோவுல வழி நெடுக அவர் உள்ளங்கையைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே வந்தான். நான் அப்பாகிட்ட இருக்கேன், நீ போடான்னு ஆனி கெஞ்சினா. மெடிக்கல் போனா போவுது, எனக்கு அப்பா வேணும்னு சொல்லிட்டான். இருதயசாமிக்கு அது காதுல நல்லாவே விழுந்துச்சு. சந்தோஷமா இருந்துச்சு, பொய் சொன்னதும் உறுத்துச்சு.

ஈசிஜி எடுத்தாங்க. பெருசா ஒண்ணும் தெரியல, ரத்தம் டெஸ்டுக்குப் போயிருக்கு, ரெண்டு மணி நேரம் படுத்திருக்கட்டும்னாரு டாக்டர். ஜாஸ்பர் கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டான். மணி பதினொண்ணு ஆகப் போவுது. ஃபைலை ஆனி தன் பையில எடுத்து வந்திருந்தா. இன்னும் மனசு மாறுவான்னு ஒரு நப்பாசை. அவளுக்கும் வேலை நிக்குது. அப்பா கண்ணை மூடிட்டாருன்னு பெஞ்சுல உக்காந்து லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டுனா.

திரும்ப அதே குரல் கேட்டு இருதயசாமி கட்டில்ல துள்ளி எழுந்தாரு. ஜாஸ்பர் கையை இறுக்கிப் புடிச்சாரு. ஆனி அந்தப் பக்கம் சனியன் புடிச்ச வயருன்னு முணுமுணுத்துக்கிட்டு ஹெட்போனைக் கழட்டினா. பாட்டை நிறுத்துனா. அப்பா முகம் தெளிஞ்சுது. திரும்ப ஓட விட்டா. அப்பா முகம் வெளுத்துச்சு. அவ திரையைப் பார்த்தா. அதுல சத்தம் எங்க போவுதுன்னு காட்டுற எடத்துல அப்பாவோட காது மிஷின் பேரு இருந்துச்சு. திரையையும் அப்பாவையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"என்னப்பா கேக்குது உங்களுக்கு?"

அவரு வரியைச் சொன்னாரு. வரப்பேறி வரலியே வரைக்கும் சொல்லிட்டு நிறுத்துனாரு. அடுத்த வரியை ஆனி சொன்னா. இருதயசாமி வாயைப் பொளந்தாரு.

அவ கட்டில் ஓரத்துல வந்து உக்காந்து எல்லாத்தையும் கொட்டுனா. அவ பாட்டை ஓட விட்டுட்டு எழுந்து போற நேரமாப் பார்த்து லேப்டாப்பு தானாவே அப்பாவோட மிஷினைப் புடிச்சிருக்கு. திரும்பி வந்து வயரைப் புடுங்கிச் சொருகுனதும் ஹெட்போனுக்கு வந்திருக்கு. இங்க திறந்த உடனேயே புடிச்சிடுச்சு. வயரு லூசுன்னு நினைச்சுப் புது ஹெட்போனே வாங்கிட்டேம்பான்னா. டேப்பு கரகரப்போட இருந்திருந்தா பழைய பாட்டுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும், துடைச்சுத் துடைச்சு, யாரோ பக்கத்துல உக்காந்து அழற மாதிரி நான்தான் ஆக்கிட்டேன்னா.

"யாரு அந்தப் பொம்பள?"

கம்மாபுரம் பக்கத்து ஊருன்னா ஆனி. பாட்டுக்கு முன்னாடி அந்தம்மா பேசறதும் டேப்புல இருக்காம். டேப்புல புடிக்க வந்தவரு வீட்டுக்குள்ள உக்காந்து பாடச் சொல்லியிருக்காரு. புள்ளகுட்டி பொழங்கற வூடு சாமி, வூட்டுல வேணாம்னு சொல்லி, ஏரிக்கரைக்கு இட்டுக்கினு போய் அங்கதான் பாடியிருக்காங்க. சொல்லிட்டு லேப்டாப்பை மூடி வச்சா. அப்புறம் மெதுவா, "அவங்க வெளியவே வச்சிருந்ததை நான் உள்ள கொண்டாந்துட்டேம்பா"ன்னா. படிச்ச பொண்ணு, வயரும் ப்ளூடூத்தும் தெரிஞ்ச பொண்ணு. அவ கண்ணுலயும் பயம் இருந்துச்சு.

ஜாஸ்பர் ஸ்டூலை விட்டு எழுந்தான். சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொண்ணு இருவது. அப்புறம் அப்பா முகத்துக்கு நேரா வந்து, சத்தமே இல்லாம, வாயை மட்டும் அசைச்சுக் கேட்டான்.

வலி நெசமா?

இருதயசாமிக்கு அந்த ஒரு நிமிஷம் ஒரு யுகமாப் போச்சு. மிஷின் பாடுனாலும் மனுஷி பாடுனாலும் ஒப்பாரி ஒப்பாரிதானே. மூணு தடவை வூட்டுக்குள்ள விழுந்தது விழுந்ததுதானே. மாடசாமி போனாரா இல்லியா? நெசம்னு தலையாட்டுனா பையன் இங்கயே உக்காந்திருப்பான். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், உசுரோட இருப்பான். இல்லைன்னு காட்டுனா எழுந்து கிளம்பிடுவான். இன்னைக்கு மட்டுமா, இனிமே முப்பது வருஷத்துக்கு அந்தப் பள்ளத்துக்குள்ள இறங்குவான். தன்னோட பயத்துக்கு ஆறு வருஷ உழைப்பைக் காவு குடுக்கறதான்னு மனசு ஒரு பக்கம் இடிச்சுது. அவன் உள்ளங்கையைத் தேய்ச்சு விட்டது ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால குறுக்கப் போட்டுப் பிரிச்சாரு. மிஷின் ஓடலன்னா காட்டுற ஜாடை. வலி இல்ல.

"போடா. இன்னும் நேரம் இருக்குது."

ஜாஸ்பர் முகம் கறுத்துப் போச்சு. அக்காவோட பையிலேர்ந்து ஃபைலை வெடுக்குன்னு எடுத்தான். வாசல்ல ஒரு நொடி நின்னான். திரும்பாமலே போய்ட்டான். போய்ட்டு வரேன்னு சொல்லல.

எத்தனை கோவம் வந்தாலும் அவன் அதைச் சொல்லாம வாசல் தாண்டுனது கிடையாது. நாமளும் போய்ட்டு வாடான்னு சொல்லாம போடான்னு சொல்லிட்டமேன்னு இருதயசாமிக்கு அப்புறந்தான் உறைச்சுது. சொல்லிட்டும் போகலியே, சொல்லிட்டும் போகலியேன்னு அந்தப் பொம்பள அவர் தலைக்குள்ள பாடறா. லேப்டாப்பை ஆனி எப்பவோ மூடிட்டா. மூடுன பின்னாலயும் பாடறா. இப்பத்தான் நெஞ்சு நிஜமாவே வலிச்சுது. வலிக்குதுன்னு சொன்னா யாரு நம்புவாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரு.

பன்னெண்டு ஆச்சு. ஆனி போன் போட்டா, எடுக்கல. உள்ள போறப்ப போனை வாங்கி வச்சிருப்பாங்கப்பான்னா. பன்னெண்டரைக்குப் போட்டா, எடுக்கல. வெளிய ஆம்புலன்ஸ் ஒண்ணு அலறிக்கிட்டு வந்து நின்னுச்சு. ஆனி சட்டுன்னு எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தா. யாரோ பிரசவத்துக்கு வந்திருந்தாங்க. திரும்பி வந்து உக்காந்தவளோட கையை இருதயசாமி புடிச்சிக்கிட்டாரு. ரத்தம் டெஸ்டு நல்லா வந்திருக்கு, ஆனா நாடி ஏன் இப்படி ஓடுதுன்னு நர்ஸ் வந்து கேட்டுட்டுப் போனாங்க.

ஒண்ணு இருவதுக்குக் காதுக்குள்ள மணி அடிச்சுது. தலையணைக்குப் பக்கத்துல இருந்த அவரோட போன்தான். ஆனி எடுத்து விட்டா. நேரா காதுக்குள்ள வண்டிச் சத்தம், யாரோ சிரிக்கற சத்தம், அப்புறம் மூச்சு வாங்குற சத்தம்.

"முடிஞ்சுதுப்பா. கடைசி ஆளா உள்ள விட்டாங்க. காதைத்தான் ரொம்ப நேரம் டெஸ்ட் பண்ணாங்க. ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுன்னு எழுதிட்டாங்க."

இருதயசாமி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. அந்தக் காது எந்த வழியாப் போகும்னு அவருக்குத்தானே தெரியும். மூடியைக் கழட்டாதேடான்னு சொல்ல வாயெடுத்தாரு. வந்தது வேற.

"சொல்லாம போய்ட்டியேடா."

வண்டிங்க போறது மட்டும் கேட்டுச்சு. கோவத்துல வைப்பானோன்னு ஆனி போனையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"கோவத்துல போய்ட்டேன்"ன்னான் ஜாஸ்பர். குரல் உடைஞ்சிருந்துச்சு. "போய்ட்டு வரேம்பா."

ஆறு வருஷமா வாயைப் பார்த்து மட்டுமே தெரிஞ்சுக்கிட்ட வார்த்தை. மிஷின் வந்தும் அன்னைக்கு அந்தப் பொம்பளையோட அழுகை மூடிட்ட வார்த்தை. குரலோட இப்பத்தான் கேக்கறாரு. பயம் போச்சான்னா போகல. அது திங்கக்கிழமை ஷிப்டுக்கும் வரும், அடுத்த திங்கக்கிழமைக்கும் வரும், அவரு இருக்கற வரைக்கும் இருக்கும். போனை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாரு.

"இன்னொரு தடவை சொல்லுடா"ன்னாரு.